விலாசமே பெயரான மருந்து

ஜப்பானில் ஒசாகாவுக்குப் பக்கத்தில் நிஷினோமியா என்று ஓர் ஊர். அதன் மலைப்பக்கமாக இருக்கிறது நஜியோ. கையால் செய்யும் காகிதத்துக்குப் பேர்போன சிற்றூர். அங்குள்ள கியோகியோஜி என்ற புத்தர் கோயிலில் ஒரு பழைய நோட்டுப்புத்தகத்தைப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார்கள். அதிலும் சூத்திரங்கள்தான் இருக்கின்றன. ஆனால் புத்தர் சொன்னவை அல்ல, வேதியியல் சூத்திரங்கள். 1900ஆம் ஆண்டு ஜூலையிலிருந்து டிசம்பர்வரை, நியூயார்க்கில் ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில், மாட்டுச் சுரப்பிகளை அரைத்து, வடித்து, காய்ச்சிப் பார்த்த ஓர் இளைஞர் நாள்வாரியாக எழுதிவைத்த வேலைக் குறிப்பு அது. எழுதியவர் கெய்ஸோ உவெனகா. அப்போது அவருக்கு வயது 24.

அட்டையில் 'அட்ரினலின்' என்று போட்டிருக்கிறது. ஜூலையில் அந்தச் சொல்லே உலகத்தில் கிடையாது. ஆகவே பிள்ளை பிறந்து, பெயர் வைத்த பிறகுதான் அட்டையை எழுதியிருக்க வேண்டும்.

இன்றைக்கு அந்தப் பெயரைக் கேள்விப்படாதவர் யார்? கடைசி ஓவரில் 6 பந்துக்கு 15 ரன் வேண்டும் என்றால் வர்ணனையாளர் வாயில் அட்ரினலின் வந்துவிடும். சண்டைப் படத்துக்கு விமர்சனம் எழுதுபவருக்கும் அது இல்லாமல் கை ஓடாது. ஆனால் இந்தச் சொல்லுக்கு ஒரு விசித்திரம் உண்டு. எந்த நாட்டில் அது பிறந்ததோ, அந்த அமெரிக்காவில் மருத்துவப் புத்தகத்தைத் திறந்தால் அது இருக்காது. அங்கே இதே பொருளுக்கு எபிநெஃப்ரின் என்று பெயர். ஒரே சரக்குக்கு இரண்டு பெயர் வந்ததற்குக் காரணம் விஞ்ஞானம் அல்ல, வியாபாரம்.

முதலில் பெயர்களின் பொருளைப் பார்த்துவிடலாம். மனித உடலில் இரண்டு சிறுநீரகங்களின் தலையிலும் குல்லாய் கவிழ்த்ததுபோல ஆளுக்கொரு சுரப்பி உட்கார்ந்திருக்கிறது. லத்தீனில் 'அட்' என்றால் அருகே, 'ரேன்' என்றால் சிறுநீரகம், சேர்த்தால் அட்ரினல். கிரேக்கத்தில் 'எபி' என்றால் மேலே, 'நெஃப்ரோஸ்' என்றால் சிறுநீரகம், அதிலிருந்து எபிநெஃப்ரின். ஜெர்மனிக்காரர்கள் வைத்த 'சூப்ரரெனின்' என்பதும் அதேதான்: 'சூப்ரா' மேலே, 'ரேன்' சிறுநீரகம். மூன்று பெயரிலும் இந்தப் பொருள் என்ன செய்கிறது என்பதைப் பற்றி ஒரு சேதியும் இல்லை. 'கிட்னி வீட்டு மாடியில் குடியிருப்பவர்' என்று விலாசம் மட்டும் எழுதியிருக்கிறது. தமிழில் சொல்லாக்கம் செய்தவர்களும் அண்மை என்பதில் வரும் 'அண்'ணை நீரகத்தோடு கூட்டி அண்ணீரகம் என்றார்கள். இலங்கைப் பாடநூல் வழக்கில் அட்ரினல் 'அதிரீனல்' ஆகும், ஹார்மோன் 'ஓமோன்' ஆகும். எழுத்துப்பெயர்ப்பு மரபு தற்செயலாகச் செய்த குறும்பு இது: எல்லாப் பெயர்களிலும் அந்தப் பொருளின் குணத்தைத் தொடுவது, 'அதிர்' என்ற தமிழ் வேர் ஒளிந்திருக்கிற இந்த ஒன்றுதான்.

விலாசத்தைப் பெயராக வைத்ததற்கு அந்தக் காலத்தவரைக் குறை சொல்லவும் முடியாது. அந்தச் சுரப்பிக்கு என்ன வேலை என்பதே முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் எவருக்கும் தெரிந்திருக்கவில்லை. 16ஆம் நூற்றாண்டில் இத்தாலிய உடற்கூறு வல்லுநர் யூஸ்டாக்கி அதைக் கண்டு வரைந்துவைத்தார். 1716இல் பிரான்சின் போர்தோ நகரத்து அறிஞர் கழகம், 'இந்தச் சுரப்பிகளால் என்ன பயன்?' என்று கேட்டு ஒரு கட்டுரைப் போட்டியே நடத்தியது. வந்தவற்றைப் படித்துத் தீர்ப்புச் சொன்னவர், பிற்காலத்தில் அரசியல் சிந்தனையாளராகப் பெயர்பெற்ற மாண்டெஸ்கியூ. எந்தக் கட்டுரையும் பரிசுக்குத் தேறவில்லை. 1855இல் லண்டன் கைஸ் மருத்துவமனையின் தாமஸ் அடிசன், இந்தச் சுரப்பி கெட்டுப்போனால் ஆள் வெளிறி, சோர்ந்து, தோல் கறுத்து இறந்துபோவார் என்று எழுதினார். அந்த நோய்க்கு இன்றும் அவர் பெயர்தான். ஆனாலும் சுரப்பிக்குள் என்ன இருக்கிறது என்ற கேள்வி அப்படியே கிடந்தது.

விடை ஒரு கிராமத்து மருத்துவர் போன்ற ஆளிடமிருந்து வந்தது. ஜார்ஜ் ஆலிவர், வடஇங்கிலாந்தில் ஹாரோகேட் என்ற நீரூற்று ஊரில் தொழில் பார்த்தவர். கோடையில் குளிக்க வரும் பணக்கார நோயாளிகளால் பிழைப்பு. குளிர்காலத்தில் வேலை குறைவு. அந்த ஓய்வில் கருவிகள் செய்வார். மணிக்கட்டு நாடியின் பருமனைத் தோலுக்கு வெளியிலிருந்தே அளக்க ஒரு கருவி செய்து, அதைத் தன் மகன் மேலேயே சோதித்துப் பார்த்தாராம். ஒருநாள் கசாப்புக் கடையிலிருந்து வாங்கிய அட்ரினல் சுரப்பியின் சாற்றைப் பையனுக்குக் கொடுத்துப் பார்க்க, நாடி சுருங்கியதாம். சாற்றை ஒரு சீசாவில் எடுத்துக்கொண்டு லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரிப் பேராசிரியர் எட்வர்ட் ஷேஃபரிடம் போய் நின்றார். ஷேஃபர் நம்பவில்லை. நடந்துகொண்டிருந்த ஒரு பரிசோதனை முடிந்ததும், நாயின் நாளத்தில் இந்தச் சாற்றையும் ஏற்றிப் பார்ப்போமே என்று வேண்டாவெறுப்பாகச் சம்மதித்தார். ஏற்றிய சில நொடிகளில், ரத்த அழுத்தம் காட்டும் கண்ணாடிக் குழாயில் பாதரசம் மேலே மேலே ஏறி, குழாயை விட்டே வெளியே வந்துவிடும் போலிருந்தது.

இந்தக் கதையைப் பிற்காலத்தில் சொல்லிப் பரப்பியவர் ஹென்றி டேல் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி. நல்ல கதைசொல்லி, ஆகவே கொஞ்சம் மசாலா சேர்ந்திருக்கலாம். மகன் விஷயம் அப்படியே நடந்ததா என்பதில் சரித்திர ஆசிரியர்களுக்கே சந்தேகம். ஆனால் ஆலிவரும் ஷேஃபரும் 1894இல் வெளியிட்ட முடிவு உண்மை. அடுத்த ஆண்டே போலந்தின் கிராக்கோவில் நெப்போலியன் சிபுல்ஸ்கி இதே விளைவைத் தனியாகக் கண்டு எழுதினார். 1896இல் நியூயார்க் கண் மருத்துவர் வில்லியம் பேட்ஸ் சுரப்பிச் சாற்றைக் கண்ணில் விட்டு, சிவந்த கண் வெளுப்பதைக் காட்டினார். கண்ணாடி இல்லாமலே பார்வையைத் திருத்தலாம் என்று கண் பயிற்சி சொல்லிக்கொடுத்துப் பின்னாளில் சர்ச்சைக்குள்ளானவரும் இதே பேட்ஸ்தான்.

ரத்தக் குழாயைச் சுருக்குகிற பொருள் என்றால் அறுவை மருத்துவருக்கு அதன் அருமை தெரியும். மூக்கிலும் தொண்டையிலும் கத்தி வைத்தால் ரத்தம் கண்ணை மறைக்கும். இதைத் தடவினால் இடமே வெளுத்து உலர்ந்துவிடுகிறது. ஆனால் கசாப்புக் கடைச் சாறு ஒருநாள் கெட்டுப்போகும், ஒருநாள் வீரியம் கூடும், ஒருநாள் குறையும். சாற்றிலிருந்து சத்தை மட்டும் தூளாகப் பிரித்துக் கொடுப்பவருக்குப் பெயரும் பணமும் கிடைக்கும். போட்டி தொடங்கியது.

பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் ஜேக்கப் ஏபல் இருந்தார். அமெரிக்க மருந்தியலுக்கு அடித்தளம் போட்டவர் என்று மதிக்கப்படுபவர். 1897இல் தொடங்கி வரிசையாகக் கட்டுரைகள் எழுதினார். தான் பிரித்த பொருளுக்கு எபிநெஃப்ரின் என்று பெயர் வைத்தவரும் அவர்தான். ஆனால் அவர் கையில் இருந்தது சுத்தமான பொருள் அல்ல. பிரிப்பதற்காகச் சேர்த்த பென்சாயில் என்ற வேதிப் பகுதி அதில் ஒட்டிக்கொண்டே வந்துவிட்டது. நெல்லைக் குத்திய பிறகும் உமி போகாத மாதிரி. ஜெர்மனியில் ஓட்டோ ஃபான் ஃபூர்த் பிரித்ததற்குத்தான் சூப்ரரெனின் என்ற பெயர்; அதுவும் சுத்தமில்லை.

மூன்றாவது ஆள் ஜோகிச்சி தகாமினே. 1854இல் தகாவோகாவில் பிறந்து கனஸாவாவில் வளர்ந்தவர். தந்தை மருத்துவர், தாய் சாக்கே என்னும் அரிசி மது காய்ச்சும் குடும்பத்துப் பெண். டோக்கியோவிலும் கிளாஸ்கோவிலும் படித்துவிட்டு, நியூ ஆர்லியன்ஸ் கண்காட்சிக்குப் போன இடத்தில் கரோலின் ஹிட்ச் என்ற அமெரிக்கப் பெண்ணை விரும்பி மணந்துகொண்டார். அரிசியில் பூஞ்சை பிடிக்கவைத்து மது காய்ச்சும் ஜப்பானிய உத்தியை இல்லினாய் மாநிலத்துப் பியோரியா விஸ்கி ஆலைகளில் புகுத்தப் பார்த்தார். பார்லியை முளைகட்டி மால்ட் செய்து பிழைத்தவர்கள் எதிர்த்தார்கள். தொழிற்கூடம் தீப்பிடித்து எரிந்தது. ஆனால் அந்தப் பூஞ்சையிலிருந்து அவர் எடுத்த 'தகா-டயாஸ்டேஸ்' செரிமான மருந்தாக ஓடியது. விருந்துச் சாப்பாட்டுக்குப் பிறகு வயிறு உப்பினால் நம் ஊர் மருந்துக்கடையில் வாங்கும் சிரப்பின் சீட்டைப் படித்தால் 'ஃபங்கல் டயாஸ்டேஸ்' என்றிருக்கும். அதற்கு மூதாதை அதுதான். அதை விற்ற டெட்ராய்ட் நகரத்துப் பார்க்-டேவிஸ் மருந்துக் கம்பெனிதான், சுரப்பிச் சத்தையும் பிரித்துத் தரும்படி அவரிடம் கேட்டது.

தகாமினே கெட்டிக்காரத் தொழில்முனைவோர். ஆனால் அடுப்படியில் நிற்க ஆள் வேண்டும். 1900இல் ஜப்பானிலிருந்து வந்து சேர்ந்தார் உவெனகா. கோடை வெக்கையில் அவர் வேலை செய்துவிட்டுக் கழுவாமல் வைத்துப்போன சோதனைக் குழாயின் அடியில் மறுநாள் காலை படிகங்கள் படிந்திருந்தன என்று ஜப்பானில் சொல்வார்கள். குறிப்பேட்டின்படி அது ஜூலை 21. இரும்புக் குளோரைடு ஒரு சொட்டு விட்டால் பச்சை நிறம் காட்ட வேண்டும், காட்டியது. மனிதகுலம் ஒரு ஹார்மோனைச் சுத்தமான படிகமாகக் கண்ணால் பார்த்தது அதுவே முதல்முறை. ஹார்மோன் என்ற சொல் பிறக்க இன்னும் 5 ஆண்டுகள் இருந்தன. எர்னஸ்ட் ஸ்டார்லிங் அதை 1905இல்தான் உரை மேடையில் உச்சரித்தார்.

நவம்பரில் தகாமினே காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், தன் பெயரில் மட்டும். கட்டுரையும் அவர் பெயரில்தான். உவெனகாவுக்குள்ள பங்கு ஒரு நன்றி வாக்கியம். அந்தக் காலத்து வழக்கம் அது என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் அடுப்படியில் நின்றவரின் கணக்கு நோட்டுக் கோயிலில் இருப்பதைப் பார்த்தால், ஊர்க்காரர்களுக்கு அந்தச் சமாதானம் போதவில்லை என்று தோன்றுகிறது.

அட்ரினலின் என்ற பெயரை யோசனை சொன்னவர் நார்ட்டன் வில்சன் என்ற மருத்துவர். பார்க்-டேவிஸ் அதை வணிகச் சின்னமாகப் பதிவுசெய்துகொண்டது. அங்கேதான் வம்பு ஆரம்பம். ஆங்கிலத்தில் அந்தப் பெயர் பெரிய எழுத்து 'ஏ'யில் தொடங்கும். கடைசியில் 'இ' என்ற எழுத்து இருக்காது. அப்படி எழுதினால் கம்பெனியின் சொத்து. சின்ன எழுத்தில் தொடங்கி, வாலில் ஓர் 'இ' சேர்த்தால் பொதுச்சொத்து. கோடிக்கணக்கான டாலர் வியாபாரமும் ஒரு நூற்றாண்டுக் குழப்பமும் இந்த இரண்டு எழுத்தைச் சுற்றித்தான். தமிழில் பெரிய எழுத்தும் இல்லை, ஊமையாக ஒட்டிக்கொள்ளும் 'இ'யும் இல்லை. நாம் எப்படி எழுதினாலும் பார்க்-டேவிஸின் சரக்கும் பொதுப்பெயரும் ஒன்றாகவே தெரியும்.

அமெரிக்க மருத்துவர்களால் அப்படிக் கண்ணை மூடிக்கொள்ள முடியவில்லை. ஒரு கம்பெனியின் பெயரையே எல்லாரும் மருந்துச் சீட்டில் எழுதினால் அந்தக் கம்பெனிக்குத்தானே கொண்டாட்டம்? போட்டிக் கம்பெனிகள் ஆளுக்கொரு பெயரோடு வந்தன: ஆர்மர் கம்பெனியின் சூப்ரரெனாலின், மல்ஃபோர்டின் அட்ரின். அமெரிக்க மருத்துவச் சங்கம் பொதுப்பெயராக எபிநெஃப்ரினைத் தேர்ந்தெடுத்தது. அதாவது, ஏபல் உமியோடு பிரித்ததற்கு வைத்த பெயர், உவெனகா அரிசியாக எடுத்ததற்குப் போய் ஒட்டிக்கொண்டது. வேதியியல் கணக்கில் பார்த்தால் இது தவறான பெயர்தான். ஆனால் எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லாத பெயர்; அந்த ஒரு தகுதி போதுமாக இருந்தது. அட்ரினலினின் சரியான மூலக்கூறு வாய்பாட்டைக் கண்டு சொன்னவர் தாமஸ் ஆல்ட்ரிச். அவர் முன்பு ஏபலிடம் இருந்துவிட்டுப் பார்க்-டேவிஸுக்கு மாறியவர் என்பது ஏபலின் வயிற்றெரிச்சலுக்குக் கூடுதல் நெய்.

ஏபல் மறக்கவில்லை. 1927இல் எழுதிய நினைவுக் கட்டுரையில், 1900ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில் தகாமினே தன் ஆய்வுக்கூடத்துக்கு வந்து பார்த்துவிட்டுப் போனார் என்று குறிப்பிட்டார். தகாமினே இறந்து அப்போது 5 ஆண்டுகள் ஆகியிருந்தன. பதில் சொல்ல ஆள் இல்லை. 'வந்து பார்த்துக் காப்பியடித்தார்' என்ற பேச்சு பரவ அது போதும். பல்லாண்டு கழித்து உவெனகாவின் நோட்டுப்புத்தகம் வெளிச்சத்துக்கு வந்தபோதுதான் ஜப்பானியர்கள் மூச்சுவிட்டார்கள். இலையுதிர்காலத்துக்கு முன்னாலேயே, ஜூலைப் பக்கத்திலேயே படிகம் இருந்தது.

அட்லாண்டிக்கின் இந்தப் பக்கம் கதை வேறு திசையில் போனது. லண்டனில் பர்ரோஸ் வெல்கம் மருந்துக் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் ஹென்றி டேல், மேலே பாதரசக் கதை சொன்ன அதே டேல், 1906இல் ஒரு நீண்ட கட்டுரையை அச்சுக்கு அனுப்பத் தயாரானார். அதில் அட்ரினலின் என்ற சொல்லைப் பயன்படுத்தியிருந்தார். முதலாளி ஹென்றி வெல்கமுக்கு அது சங்கடம். 'அது பார்க்-டேவிஸின் பெயர். நம் ஆள் எழுதினால் தொழில் நாணயம் என்ன ஆகும்?' என்பது அவர் கவலை. டேல் அசையவில்லை. உடலியக்க விஞ்ஞானிகள் அனைவரும் வாயில் போட்டு மெல்லும் சொல், அது எப்படி ஒரு கடையின் சொத்து ஆகும் என்று நின்றார். கடிதம் மேல் கடிதம் போனது. கடைசியில் முதலாளி இறங்கிவந்தார். வேலைக்காரர் முதலாளியிடம் ஒரு சொல்லுக்காகச் சண்டை போட்டு ஜெயித்த கதை மருந்துத் துறையில் அதிகம் இல்லை. பிரிட்டனும் அதன் வழியில் நடந்த நாடுகளும், இந்தியா உட்பட, அட்ரினலின் என்றே வைத்துக்கொண்டதற்கு டேலின் பிடிவாதமும் ஒரு காரணம்.

காப்புரிமைச் சண்டை நீதிமன்றத்துக்கும் போனது. மல்ஃபோர்டு கம்பெனியின் வாதம் எளிது: மாட்டின் உடலிலேயே இருக்கிற பொருளுக்கு மனிதன் எப்படி உரிமை கொண்டாடலாம்? 1911இல் நியூயார்க் நீதிபதி லேர்னட் ஹேண்ட், சுரப்பியில் கலந்து கிடந்ததைப் பிரித்து மருந்தாகப் பயன்படும்படி ஆக்கியதால் அது புதுச் சரக்குதான் என்று தீர்ப்பளித்தார். கூடவே, வேதியியலின் அரிச்சுவடிகூடத் தெரியாத நீதிபதி இப்படிப்பட்ட வழக்கைத் தீர்க்க வேண்டியிருக்கிறதே என்று தீர்ப்பிலேயே அங்கலாய்த்துக்கொண்டார். மனித மரபணுக்களுக்குக் கம்பெனிகள் காப்புரிமை கேட்ட காலத்தில் அந்தத் தீர்ப்பை வக்கீல்கள் தூசி தட்டி எடுத்தார்கள். இயற்கையில் உள்ள மரபணுவைப் பிரித்தெடுத்ததாலேயே உரிமை வந்துவிடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்வதற்கு 2013 ஆனது.

இதுவரை இது மருந்துக்கடைச் சரக்கு. ரத்தம் நிறுத்தும், மூச்சிரைப்பைத் தணிக்கும். 1904இல் ஜெர்மனியின் ஹோக்ஸ்ட் மருந்துக் கம்பெனியைச் சேர்ந்த ஃப்ரீட்ரிஷ் ஸ்டோல்ஸ் அதைச் செயற்கையாகவே தயாரித்தும் காட்டிவிட்டார். பயத்துக்கும் கோபத்துக்கும் இதற்கும் முடிச்சுப் போட்டவர் ஹார்வர்டின் வால்டர் கேனன். செரிமானத்தை ஆராய்ந்துகொண்டிருந்தவர் அவர். பூனைக்கு உணவு கொடுத்து எக்ஸ்-ரேயில் பார்க்கும்போது, பூனை மிரண்டால் இரைப்பையின் அசைவு அப்படியே நின்றுபோவதைக் கவனித்தார். வயிற்றைக் கலக்குகிறது என்று நாம் சொல்வதைப் படம்பிடித்தே பார்த்துவிட்டார் எனலாம். 1911இல் ஒரு பூனையைக் கட்டிவைத்து, எதிரே நாயைக் குரைக்கவிட்டு, அட்ரினல் சுரப்பிக்குப் பக்கத்து நாளத்திலிருந்து ரத்தம் எடுத்தார். அந்த ரத்தத்தைத் துடித்துக்கொண்டிருந்த ஒரு குடல் துண்டின் மேல் விட்டதும் துடிப்பு அடங்கியது. மிரளாத பூனையின் ரத்தம் அப்படிச் செய்யவில்லை. ஹார்வர்டு கால்பந்து அணியினர் 25 பேரின் சிறுநீரைப் பெரிய ஆட்டம் முடிந்ததும் சோதித்தார்கள். 12 பேருக்குச் சர்க்கரை இறங்கியிருந்தது. அவர்களில் 5 பேர் களத்தில் இறங்காமல் விளிம்பில் உட்கார்ந்திருந்த மாற்று ஆட்டக்காரர்கள். ஓடாதவர்களுக்கும் உடம்பு ஓட்டத்துக்குத் தயாராகியிருக்கிறது.

இவற்றையெல்லாம் 1915இல் புத்தகமாகத் தொகுத்தார் கேனன். அதில் இந்தியாவும் ஓரிடத்தில் வருகிறது. குற்றவாளியைக் கண்டுபிடிக்க, சந்தேகப்பட்டவர்களை அரிசி மெல்லச் சொல்லி அரச இலையில் துப்பவைக்கும் பழைய வழக்கம். உமிழ்நீர் ஊறாமல் உலர்ந்த அரிசியாகத் துப்பினால் அவன்தான் ஆள். பயம் வாயை உலர்த்தும் என்பதற்கு அவர் காட்டிய உதாரணம் அது. நிரபராதிக்கும் பயத்தில் நா வறளுமே என்று கேட்க அந்தக் காலத்தில் வக்கீல் இருந்திருக்க மாட்டார்.

வேடிக்கை, அந்தப் புத்தகத்தில் கேனன் அட்ரினலின் என்று எழுதவில்லை. எபிநெஃப்ரின் என்றும் எழுதவில்லை. 'அட்ரினின்' என்று ஒரு நான்காவது பெயர். 1932இல் ஆல்டஸ் ஹக்ஸ்லி எதிர்கால உலகத்தைப் பற்றி எழுதிய நாவலிலும் அட்ரினின்தான். மாதம் ஒருமுறை மக்களுக்கு உடல்ரீதியாகப் பயத்தையும் கோபத்தையும் ஊட்டும் சிகிச்சையில் அது வருகிறது. அந்தச் சொல் ஓரிரு தலைமுறை தாக்குப்பிடித்து மறைந்தது. சண்டையா ஓட்டமா என்ற கேனனின் கருத்து மட்டும் தங்கி, கம்பெனிப் பெயரோடு ஒட்டிக்கொண்டது. அமெரிக்கத் தெருவில் எபிநெஃப்ரின் தலையெடுக்கவில்லை. மலையுச்சியிலிருந்து கயிறு கட்டிக் குதிப்பவரை எவரும் எபிநெஃப்ரின் பித்தர் என்று சொல்வதில்லை. மன அழுத்தம் என்ற பொருளில் 'ஸ்ட்ரெஸ்' என்ற சொல்லை ஹான்ஸ் செல்யே பரப்பிய பிறகு, அதே சுரப்பியின் புறப்பகுதியில் ஊறும் கார்ட்டிசாலுக்கும் இன்று பத்திரிகைகளில் நல்ல கிராக்கி. ஆனாலும் ஒரு நொடித் திடுக்கிடலுக்கு அட்ரினலின்தான். மாதக்கணக்கில் அரிக்கும் கவலைக்குக் கார்ட்டிசால். இந்தப் பங்கீடு பெருமளவு சரியும்கூட.

அமெரிக்க வைத்தியர்களும் ஓரிடத்தில் வசமாக மாட்டிக்கொண்டார்கள். இந்தப் பொருள் உடலில் போய்ப் பற்றும் ஏற்பிகளுக்கு 'அட்ரினர்ஜிக்' என்று பெயர். அந்த அடைமொழியை 1933இல் உண்டாக்கியவரும் டேல்தான். ஆகவே அமெரிக்கப் பாடப்புத்தகத்தில் எபிநெஃப்ரின் போய் அட்ரினர்ஜிக் கதவைத் தட்டுகிறது. ரத்தக்கொதிப்புக்கு நம் வீட்டுப் பெரியவர்கள் சாப்பிடும் பீட்டா பிளாக்கர் மாத்திரை அடைப்பதும் அதே கதவைத்தான்.

இரட்டைப் பெயர் தமாஷாக இருந்தவரை சரி. அவசர வார்டில் அது தமாஷ் இல்லை. எபிநெஃப்ரினுக்கு எஃபெட்ரின் என்று ஒலியில் கிட்டத்தட்ட இரட்டைப்பிறவி ஒன்று உண்டு. வேறு மருந்து, வேறு அளவு. அவசரத்தில் காதில் மாறி விழலாம். 2000இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் அட்ரினலின் என்ற பெயருக்காக வாதாடிய ஜெஃப்ரி ஆரன்சன் இந்த அபாயத்தையும் சுட்டிக்காட்டினார். இதில் ஒரு முடிச்சு இருக்கிறது. எஃபெட்ரினைத் தாவரத்திலிருந்து 1885இல் பிரித்தவர் நாகயோஷி நாகாய் என்ற ஜப்பானியர். நியூயார்க்குக்குக் கப்பலேறும் முன் உவெனகா கைப்பழக்கம் கற்றது அதே நாகாயிடம்தான். குரு எடுத்த மருந்தும் சீடர் எடுத்த மருந்தும் நூறு ஆண்டு கழித்து நர்ஸுகளின் காதில் மோதிக்கொள்ளும் என்று இருவரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

உலக சுகாதார அமைப்பின் பொதுப்பெயர்ப் பட்டியல் எபிநெஃப்ரினை ஏற்றுக்கொண்டது. 1992இல் ஐரோப்பிய ஒன்றியம் உறுப்பு நாடுகள் எல்லாம் அந்தப் பட்டியலையே பின்பற்ற வேண்டும் என்றபோது பிரிட்டன் மற்ற மருந்துகளின் பெயர்களை மாற்றியது. அட்ரினலினிலும் அதன் தம்பி நார்அட்ரினலினிலும் மட்டும் கைவைக்க மறுத்து, சீட்டில் இரண்டு பெயரையும் அச்சிடுவதென்று முடிவுசெய்தது. ஜப்பானின் நிலைதான் பரிதாபம். கண்டுபிடித்தவர்கள் ஜப்பானியர், ஆனால் அரசு மருந்துநூலில் நெடுங்காலம் எபிநெஃப்ரின் என்ற ஏபலின் பெயர் இருந்தது. 2006 ஏப்ரலில்தான் அது அட்ரினலின் என்று திருத்தப்பட்டது. தகாமினே இறந்து 84 ஆண்டுகள் ஆகியிருந்தன.

தமிழ்நாட்டில் இந்த மருந்து பெயர் சொல்லாமலே நிறையப் பேர் உடம்பில் ஏறியிருக்கிறது. பல் பிடுங்கப் போய், ஈறில் ஊசி போட்ட ஓரிரு நிமிடத்தில் நெஞ்சு திக்திக் என்று அடித்துக்கொண்டு, விரல் லேசாக நடுங்கி, 'எனக்குப் பயமாயிருக்கு டாக்டர்' என்று சொன்னவர்கள் பலர். பயம் பாதி, மீதி ஊசியில் இருந்தது. மரத்துப்போகச் செய்யும் லிக்னோகைனோடு 80,000இல் 1 பங்கு அட்ரினலின் கலந்திருப்பார்கள். ரத்தக் குழாயைச் சுருக்கி, மருந்து அந்த இடத்தை விட்டு ஓடாமல் கட்டிப்போடுவதற்காக. ஜெர்மானிய அறுவை மருத்துவர் ஹைன்ரிஷ் பிரவுன் 1903 வாக்கில் கொக்கெயினோடு கலந்து தொடங்கிவைத்த உத்தி அது.

ஆஸ்பத்திரிகளில் அவசர டிராலியின் மேல்தட்டில், 1 மி.லி. கண்ணாடி ஆம்பூலில், 1 மில்லிகிராம் அட்ரினலின் எப்போதும் தயாராக இருக்கும். குளவி கொட்டியோ ஊசி மருந்து ஒத்துக்கொள்ளாமலோ முகம் வீங்கி மூச்சு அடைக்கும்போது, நர்ஸ் ஆம்பூலின் கழுத்தை உடைத்து, பாதி மருந்தைச் சிரிஞ்சில் இழுத்துத் தொடைத் தசையில் போடுவார். மருத்துவக் கல்லூரியில் அதை அட்ரினலின் என்று ஐந்தரை வருஷம் எழுதிப் பழகியவர், அமெரிக்கத் தகுதித் தேர்வுக்கு உட்காரும்போது எபிநெஃப்ரின் என்று நாக்கைத் திருப்பிக்கொள்ள வேண்டும். அங்கே வேலையில் சேர்ந்தால் அந்தப் பெயரும் தேய்ந்து 'எப்பி' ஆகிவிடும்; தொடையில் குத்திக்கொள்ளும் பேனா ஊசிக்கு 1987இல் அனுமதி வாங்கியவர்கள் வைத்த எப்பிபென் என்ற பெயரிலும் அந்த எப்பிதான். நிற்கவிருந்த இதயத்துக்கு எப்பி போட்டு ஓட்டிவிட்டு, கையுறையைக் கழற்றிக் கூடையில் போடும்போது அங்குள்ள நர்ஸ், இன்றைக்கு அட்ரினலின் இன்னும் இறங்கவில்லை, தூக்கம் வராது என்பார்.